மணமேடையில் மூக்குக்கண்ணாடி

வானதியின் கல்யாணப் பத்திரிகை வீட்டுக்கு வந்த அன்றைக்கே அறிவுமதி முடிவு செய்துவிட்டாள், அந்தக் கல்யாணத்துக்குக் கண்ணாடி இல்லாமல்தான் போவது என்று.

அழுதுகொண்டு எடுத்த முடிவில்லை. பத்திரிகையை சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். கையைக் கழுவினாள். தஞ்சாவூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, லேசர் சிகிச்சைக்கு என்றைக்கு வரலாம் என்று கேட்டாள். பிறகு உட்கார்ந்து இரண்டு தோசை சாப்பிட்டாள்.

நடந்ததை ஒரு தடவை சொல்லிவிட்டால்தான் இந்தக் கோபம் புரியும்.

போன சித்திரையில் நீடாமங்கலத்து மண்டபத்தில் அறிவுமதிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை ராம்கி திருவிடைமருதூர்க்காரன், மஸ்கட்டில் வேலை. பெண் கண்ணாடி போடுகிறவள் என்பது அவர்களுக்குத் தெரியும். கண்ணாடியைக் கழற்றினால் ஒரு கை நீளத்துக்கு அப்பால் எல்லாமே அவளுக்குக் கரைந்துபோகும் என்பது தெரியாது.

அது பெரியப்பா மகள் வானதிக்குத் தெரியும். ஒரே கொல்லையில் விளையாடி வளர்ந்தவள். மேடை ஏறும் நேரத்தில், “போட்டோவுக்கு நல்லா இருக்காதுக்கா. குடு, பத்திரமா வெச்சிருக்கேன்” என்று கண்ணாடியை வாங்கிக்கொண்டாள். அப்புறம் ஆளையே காணோம்.

மாமியார் காலில் விழச் சொன்னார்கள். சிவப்புப் புடவை கட்டிய உருவம் ஒன்று எதிரில் மங்கலாகத் தெரிந்தது. அறிவுமதி விழுந்து கும்பிட்டாள். அது மாமியார் இல்லை. மாலை கொண்டுவந்து கொடுத்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பூக்காரம்மா.

மண்டபம் சிரித்தது. எழுந்த பதற்றத்தில் மேடை விளிம்பு தெரியாமல் கால் தவறி, தாம்பூலத் தட்டோடு கீழே போய் விழுந்தாள். யாரோ அதை வீடியோ எடுத்து, இரண்டு மாவட்டத்து உறவுக்காரர்கள் போனிலும் சுற்ற விட்டார்கள்.

“எங்க வம்சத்துல ஒருத்தருக்கும் கண்ணுல குறை கிடையாது” என்றாள் ராம்கியின் அம்மா.

ராம்கி பவ்யமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். “எனக்குப் பரவாயில்லைங்க. பொறக்கப்போற பிள்ளைங்களை நினைச்சுப் பாருங்க.”

நிச்சயம் அங்கேயே நின்றது. ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் அதே ராம்கிக்கு வானதியைப் பேசி முடித்தார்கள். இப்போது தை. அதே மண்டபத்தில் கல்யாணம்.

சம்பா அறுவடை நேரம். அறுத்த நெல்லைப் பாதி ரோட்டில் காயப்போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் தஞ்சாவூர் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. ஜன்னலோரத்தில் அறிவுமதி, பக்கத்தில் அம்மா அம்சவல்லி. காலையில் புறப்படும்போது அப்பா கோவிந்தராசு சொன்னதையே இருவரும் நினைத்துக்கொண்டு வந்தார்கள்.

“யாரோ ஒருத்தன் சொன்னான்னு கண்ணைக் கொண்டுபோய் மெஷின்ல குடுப்பியா?” என்று கேட்டிருந்தார் அப்பா. அறுவடை மெஷின் வயலில் இறங்கியிருந்ததால் வாசலிலேயே நின்று அவசரமாகக் கேட்டார்.

“யாரோ ஒருத்தன் மட்டுமில்லப்பா. வானதியும்தான்.”

“அது வெளையாட்டுப் புள்ள. கண்ணாடியைக் கையில வெச்சுக்கிட்டு எங்கயோ பராக்குப் பார்த்திருக்கும். என் அண்ணன் பொண்ணு மனசறிஞ்சு அப்படிச் செய்யாது.”

அப்பா இதையே எத்தனையோ மாதமாகச் சொல்கிறார். அண்ணன் என்றால் அவருக்கு அப்படி. பத்திரிகையில் சித்தப்பா என்று தன் பெயர் போட்டிருந்ததை விரலால் தடவிப் பார்த்தவர் அவர்.

பஸ் அம்மாப்பேட்டையைத் தாண்டியதும் அம்சவல்லி வாயைத் திறந்தாள்.

“முன்வரிசையில உக்காரு. அவன் தாலியைக் கையில எடுக்கிறப்ப நேரா அவன் கண்ணைப் பாரு. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்.”

“அதுக்குத்தானேம்மா போறோம்.”

ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு மெஷினாக உட்கார வைத்தார்கள். கருவிழியை அளந்தார்கள். சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரியும் வரை காத்திருக்கச் சொன்னார்கள். பிறகு உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். முடிவில் அம்மாவோடு டாக்டர் ஷிஃபாவின் அறைக்குள் போனாள்.

டாக்டருக்கு அறிவுமதியைவிடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும். கம்ப்யூட்டரில் தெரிந்த வண்ணப் படத்தைத் திருப்பிக் காட்டினார்.

“இது உங்க கருவிழி. லேசர் பண்ணும்போது இதுல கொஞ்சம் இழைச்சு எடுப்போம். உங்களுக்குத் தடிமன் கொஞ்சம் குறைச்சல். பண்ணவே கூடாதுன்னு இல்ல. ஆனா விளிம்புல நிக்கிறீங்க. கண்ணுல வறட்சியும் இருக்கு. என்ன வேலை பார்க்கிறீங்க?”

“மண் பரிசோதனைக் கூடத்துல.”

“நாள் பூரா தூசி, கம்ப்யூட்டர். லேசருக்கு அப்புறம் வறட்சி கூடலாம். சிலருக்கு ராத்திரியில விளக்கைச் சுத்தி வளையம் தெரியும், வண்டி ஓட்ட சிரமப்படுவாங்க. கொஞ்ச மாசம் வறட்சிக்கு மருந்து போடுங்க. மறுபடி அளந்து பார்ப்போம். அப்ப முடிவு பண்ணினா நல்லது.”

“இந்த மாசமே வேணும் டாக்டர்.”

ஷிஃபா நிமிர்ந்து பார்த்தார். “கல்யாணமா?”

“ஆமா.”

“உங்களுக்கா?”

“இல்ல.”

டாக்டருக்கு என்ன புரிந்ததோ, மேலே கேட்கவில்லை. “நீங்க உறுதியா நின்னா நாளன்னிக்கே பண்ணலாம். இடம் இருக்கு. ஆனா என்கிட்ட கேட்டா இப்ப வேண்டாம்னுதான் சொல்லுவேன். வெளியில உக்காந்து அம்மாகிட்ட கலந்து பேசுங்க. நான் கிளம்புறதுக்குள்ள வந்து சொல்லுங்க.”

வெளியே வந்ததும் அம்சவல்லி கேட்டாள். “என்னடி, விளிம்புங்கிறாங்க, வளையம்ங்கிறாங்க. எனக்குப் பயமா இருக்கு.”

“விளிம்புதானே, தாண்டலையே. நாளன்னிக்குப் பண்ணிடலாம்.”

“கண்ணு போயிட்டா?”

“அவ்வளவு சுலபமா போவாதும்மா.”

அம்மா எழுந்தாள். டீ வாங்கிவருகிறேன் என்று கேன்டீன் பக்கம் போனாள். பயந்தவளுக்கு யோசிக்கக் கொஞ்சம் தனிமை தேவைப்பட்டது.

அறிவுமதி நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். மருந்தால் விரிந்த கண்ணில் ஜன்னல் வெளிச்சம் ஊசிபோல் குத்தியது. போனை எடுத்தால் எழுத்து ஒன்றும் பிடிபடவில்லை. தூரத்தில் இருப்பது மட்டும் கண்ணாடி வழியாகத் தெளிவாகத் தெரிந்தது.

“ராமகிருஷ்ணன், திருவிடைமருதூர்.” நர்ஸ் கூப்பிட்டாள்.

“நான்தாங்க. கான்டாக்ட் லென்ஸை நிறுத்தி ரெண்டு வாரம் ஆயிடுச்சு. இன்னிக்கு லேசருக்கு அளந்துடலாம்ல?”

அந்தக் குரல். பிறக்கப்போகும் பிள்ளைகளுக்காக வருத்தப்பட்ட அதே பவ்யமான குரல்.

அறிவுமதி திரும்பிப் பார்த்தாள். ராம்கிதான். அவன் மூக்கில் கறுப்பு ஃபிரேம் போட்ட கண்ணாடி. அதன் கனத்தில் கன்னத்து ஓரம் கண்ணாடிக்குள் உள்வாங்கியதுபோல் வளைந்து, கண்கள் இரண்டும் உளுந்துபோல் சிறுத்துத் தெரிந்தன. கண்ணாடி போட்டே வளர்ந்தவளுக்கு அதைப் பார்த்ததும் பவரை மட்டுக் கட்டத் தெரியும். இவளுடையதைவிடக் கூடுதல்.

முதலில் அவளுக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. உடம்பெல்லாம் பரவிய, கொஞ்சமும் வெட்கமில்லாத சந்தோஷம்.

அவன் மெஷின் அறையிலிருந்து வெளியே வரும்வரை கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவன் வந்து காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்ததும், எழுந்துபோய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எவ்வளவு பவர்?”

ராம்கி திரும்பினான். அவள் முகத்தைப் பார்த்ததும் கை தானாகப் போய்க் கண்ணாடியைக் கழற்றியது.

“போட்டுக்குங்க. கழட்டினா நான் யாருன்னு தெரியாது. பூக்காரம்மான்னு நினைச்சுக்கப் போறீங்க.”

அவன் திரும்பவும் போட்டுக்கொண்டான்.

“இங்க பாருங்க, நான் வேணும்னு எதுவும் மறைக்கல. பொண்ணு பார்க்க ஆரம்பிச்சப்ப அம்மாதான் லென்ஸ் போடச் சொன்னாங்க.”

“உங்க வம்சத்துலதான் யாருக்குமே கண்ணுல குறை இல்லையே. அம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

அவன் கையிலிருந்த சீட்டை மடித்தான்.

“கல்யாணத்துக்கு முன்னாடி எதுக்கு லேசர்? இத்தனை நாள் லென்ஸை வெச்சு சமாளிச்சீங்கல்ல?”

“ராத்திரி கழட்டித்தானே ஆகணும்,” என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. “ஒரே ரூம்ல இருந்தா தெரிஞ்சுபோயிடும். வானதிகிட்ட நான் சொல்லல.”

பொய்யாகத் தெரியவில்லை. இவ்வளவு அவமானமாக ஒருவன் பொய் சொல்ல மாட்டான்.

“அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி நீங்க ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கும் பவர் இருக்குன்னு. கல்யாணம் வேண்டாம்னுகூட அதுக்கப்புறம் சொல்லியிருக்கலாம். நான் கீழே விழுந்து கெடக்கிறப்ப பிள்ளைங்களைப் பத்தி பேசினீங்க.”

“மன்னிச்சுடுங்க.”

“முடியாது.”

சத்தம் போடாமல் சொன்னாள். எதிரில் உட்கார்ந்திருந்த பெரியவர் கண்ணை மூடியபடியே இருந்தார்.

“வானதிகிட்ட சொல்லிடாதீங்க. எங்க அம்மாவால தாங்க முடியாது. என்ன வேணாலும் செய்றேன்.”

“செய்ய வேண்டியது ஒண்ணுதான். லேசரைக் கல்யாணத்துக்கு அப்புறம் வெச்சுக்குங்க. லென்ஸும் போடக் கூடாது. மணமேடையில இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுத்தான் உக்காரணும். இதைப் போட்டுக்கிட்டுத்தான் தாலி கட்டணும். வீடியோவுலயும் இதோடதான் இருக்கணும்.”

“அது எப்படிங்க...”

“இல்லேன்னா நான் மேடைக்கு வருவேன். மைக்கை வாங்கி, மாப்பிள்ளைக்கு எவ்வளவு பவர்னு எல்லார் முன்னாடியும் கேட்பேன். எனக்கு இனிமே இழக்கிறதுக்கு அந்த மண்டபத்துல ஒண்ணுமில்ல. நான் ஏற்கனவே அங்க விழுந்தவ.”

ராம்கி அவளைப் பார்த்தான். “என்னைப் பழி வாங்குறீங்க.”

“ஆமா.”

அவன் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை. இல்லை என்பாள், நியாயம் பேசுவாள், அதில் புகுந்து தப்பிக்கலாம் என்று நினைத்திருப்பான். எழுந்து வாசலைப் பார்த்து நடந்தான். நர்ஸ் பின்னாலிருந்து கூப்பிட்டது அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

அம்சவல்லி கையில் இரண்டு டீயோடு தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ, டீயில் ஆடை கட்டியிருந்தது.

“ஒரு போட்டோ எடுத்திருக்கலாமேடி. சொந்தக்காரங்க குரூப்ல போட்டா இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சுபோயிருக்கும்.”

“முடிஞ்சுபோகக் கூடாதும்மா. கல்யாணம் வரைக்கும் தினமும் அவன் இதை நினைச்சுக்கிட்டுப் படுக்கணும்.”

அம்மா மகளை ஒரு கணம் பார்த்தாள். பெற்றவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. ஆனாலும் டீயை நீட்டினாள்.

டாக்டர் அறைக்குள் போய் அறிவுமதி சொன்னாள். “இப்ப வேண்டாம் டாக்டர். வறட்சிக்கு மருந்து எழுதிக் குடுங்க. அப்புறம் பார்க்கலாம்.”

“நல்ல முடிவு,” என்று ஷிஃபா சிரித்தார். “நிதானமா யோசிச்சிருக்கீங்க.”

அறிவுமதியும் சிரித்துவைத்தாள். இதில் நிதானம் எங்கே இருக்கிறது? கண்ணாடியோடு முன்வரிசையில் உட்கார்ந்து, மணமேடையில் கண்ணாடியோடு உட்கார்ந்திருப்பவனைப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் கண் தப்பித்தது.

ஊர் வந்து சேரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. கண்ணில் கூச்சம் இன்னும் போகவில்லை. அப்பா வயலிலிருந்து திரும்பவில்லை. கூடத்து விளக்கைக்கூடப் போடாமல் அறிவுமதி ஈரத்துணியைக் கண்ணில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள்.

வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது.

“எங்க சித்தி அவ?” வானதியின் குரல்.

“உள்ளதான் இருக்கா,” என்றாள் அம்சவல்லி. வா என்று சொல்லவில்லை.

அறிவுமதி எழுந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். வானதி கையில் நலங்கு மஞ்சள் மினுமினுத்தது. கல்யாணக் களை வந்திருந்தது. முகத்தில் மட்டும் அது இல்லை.

“அவரு போன் பண்ணினாரு. அழுவுறாரு. ஆம்பளை போன்ல அழுது நான் கேட்டதே இல்ல. உனக்கு இப்ப மனசு குளுந்துச்சா?”

“இன்னும் இல்ல. கல்யாணத்தன்னிக்குத்தான்.”

“சரி, நல்லாக் கேட்டுக்க.” வானதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளும் தயாராகத்தான் வந்திருந்தாள். “நீ சொன்ன மாதிரியே கண்ணாடியோட உக்காருவாரு. நானே என் கையால அதை எடுத்து அவருக்கு மாட்டி விடுவேன். போட்டோக்காரன்கிட்ட அதையும் எடுக்கச் சொல்லுவேன். பார்க்கிறவங்க என்ன சொல்லுவாங்க? புருஷனோட குறையைத் தெரிஞ்சே ஏத்துக்கிட்ட பொண்ணு, எவ்வளவு பெரிய மனசுன்னு சொல்லுவாங்க. அப்ப நீ முன்வரிசையில உக்காந்து கை தட்டு.”

அறிவுமதி அதைக் கண்முன் பார்த்தாள். அப்படியே நடக்கும். மண்டபம் முழுக்க உருகிப்போகும். ஆஸ்பத்திரியில் அவள் பார்த்துப் பார்த்துக் கட்டியதை இவள் ஒரு ஸ்கூட்டியில் வந்து தன் தலையில் கிரீடமாக வைத்துக்கொண்டுவிட்டாள்.

அம்சவல்லி அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வானதிக்கு அது போதவில்லை. ஜெயித்தது எதிராளி வாயால் வர வேண்டும் அவளுக்கு.

“நீ என்னமோ பெரிசா கண்டுபிடிச்சிட்டதா நினைக்காத. அவரு சொல்லலைன்னா எனக்குத் தெரியாதா? மாப்பிள்ளை ரூம்ல, கதவைச் சாத்தாம நின்னு லென்ஸ் மாட்டிக்கிட்டிருந்தாரு. என் கண்ணால பார்த்தேன். எப்பவோ தெரியும் எனக்கு.”

வானதி சொன்னதை அறிவுமதி மனசுக்குள் ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“எந்த மாப்பிள்ளை ரூம்?”

“என்ன?”

“உன் நிச்சயம் பெரியப்பா வீட்டுக் கூடத்துல நடந்துச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கார்லேருந்து இறங்கி நேரா ஜமக்காளத்துல வந்து உக்காந்தாங்க. அங்க ஏது மாப்பிள்ளை ரூம்?”

வானதி ஸ்கூட்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“மாப்பிள்ளை ரூம் மண்டபத்துலதான் இருந்துச்சு,” என்றாள் அறிவுமதி. “என் நிச்சயத்தன்னிக்கு. அவனுக்கும் கண்ணு தெரியாதுன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் என் கண்ணாடியைக் கழட்டி வாங்கிட்டுப் போயிருக்க. அவன் அம்மா வம்சம் பேசினப்ப நீ கூட்டத்துக்குப் பின்னாடி என் கண்ணாடியைக் கையில வெச்சுக்கிட்டு நின்னிருக்க. என் மாப்பிள்ளை ரூம்ல உனக்கு என்ன வேலை வானதி?”

“நான்... பூ குடுக்கப் போனேன்.”

“மாலை, பூ எல்லாத்தையும் பூக்காரம்மாவே மேடைக்குக் கொண்டுவந்தாங்க.”

வானதி எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. வாசலைப் பார்த்துத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வாசல்படியில் கோவிந்தராசு நின்றுகொண்டிருந்தார். அறுவடைத் தூசி தலையிலிருந்து கால்வரை படிந்திருந்தது. தோளில் துண்டு. எப்போது வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்று தெரிந்தது.

“சித்தப்பா, அவ என்னென்னமோ...”

“உங்கப்பா வீட்டுல இருக்காரா?”

“சித்தப்பா, நான் சொல்றதைக் கேளுங்க.”

“இருக்காரான்னு கேட்டேன்.”

“இருக்காரு,” என்றாள் வானதி.

கோவிந்தராசு வாளித் தண்ணீரில் முகத்தைக் கழுவினார். கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். அண்ணன் வீட்டு விசேஷத்துக்கென்று அம்சவல்லி துவைத்துப் போட்டிருந்த சட்டை. பொத்தானை மாற்றிப் போட்டார். அம்சவல்லி உதவப் போனாள். வேண்டாம் என்று தலையசைத்தார்.

பிறந்ததிலிருந்து அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத மனுஷன். பங்கு பிரித்தபோதுகூட, தண்ணீர் ஏறாத மேட்டு நிலம் எனக்கே இருக்கட்டும் என்று தானாக வாங்கிக்கொண்டவர்.

“அப்பா, இப்ப வேண்டாம்,” என்றாள் அறிவுமதி. அவள் குறித்துவைத்திருந்த நாள் இது இல்லை. கூட்டம் வேண்டும், மேளம் வேண்டும், மேடை வேண்டும் அவளுக்கு. “கல்யாணத்தன்னிக்குப் பார்த்துக்கலாம்.”

“அன்னிக்கு நீ விழுந்தப்ப, ஓடிவந்து தூக்காம அண்ணன் முகத்தைப் பார்த்துக்கிட்டு நின்னேன் மதி.” அவர் பைக் சாவியை எடுத்தார். “கல்யாணம் வரைக்கும் என்னால பொறுக்க முடியாது. ஏறு. நான் கூட வர்றேன், பேச வேண்டியவ நீ.”

வானதி ஸ்கூட்டியைப் பிடித்துக்கொண்டு நகராமல் நின்றாள். அறிவுமதி அவளைத் தாண்டிப் போய் அப்பாவுக்குப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். பெரியப்பா வீடு அடுத்த தெருவில்தான் இருந்தது. அந்த வாசலில் பந்தலுக்குக் கீற்று இறக்கிக்கொண்டிருக்கும் சத்தம் இங்கேயே கேட்டது.